மீனில் ஏறும் பாதரசமும் கொழுப்பில் தங்கும் நஞ்சும்: வாங்குவது, வெட்டுவது, கணக்கிடுவது, சோதிப்பது

மீனை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நான்கு முறை அலசினால் கவிச்சி போகும், வழவழப்பு போகும். பாதரசம் போகாது. புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. அது மீனின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு அல்ல, சதையின் புரதத்தோடு பிணைந்தே இருக்கிறது. ஆகவே பாதரசத்தைப் பொறுத்தவரை சமையலறைக்கு வந்தபின் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எந்த மீன், எவ்வளவு பெரியது, வாரத்துக்கு எத்தனை முறை என்று சந்தையில் எடுக்கும் முடிவுதான் எல்லாம்.

பூச்சிக்கொல்லியான டிடிடி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, குப்பை எரியும்போது உருவாகும் டயாக்சின் போன்றவை வேறு வகை. அவை கொழுப்பில் தங்குபவை. அங்கே கத்திக்கு வேலை உண்டு, அடுப்புக்கும் ஓரளவு உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேவையில்லாத இடத்தில் தோலை உரிப்பதும், தேவையான இடத்தில் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

எப்படி ஏறுகிறது

அமெரிக்காவின் லாங் ஐலண்ட் சதுப்பு நிலத்தில் கொசுவை ஒழிக்கப் பல ஆண்டுகள் டிடிடி தெளித்தார்கள். அங்கே எடுத்த அளவுகள் 1967-ல் வெளியாயின. நீரில் 0.00005 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மிதவை நுண்ணுயிர்களில் 0.04. அவற்றைத் தின்னும் சிறு மீனில் 0.23. சிறு மீனைப் பிடிக்கும் முரலில் 2.07. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீர்க்காகத்தில் 26.4. நீருக்கும் பறவைக்கும் இடையே ஐந்து லட்சம் மடங்குக்கு மேல்.

இந்த எண்களை ஒருமுறை வகுத்துப் பாருங்கள். நீரிலிருந்து நுண்ணுயிருக்கு 800 மடங்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 6, 9, 13 மடங்கு. முதல் பாய்ச்சல் உணவு வழியாக வந்ததல்ல. நீரில் கரையப் பிடிக்காத பொருள் உயிரின் கொழுப்புக்குள் நேராகப் புகுந்துகொள்கிறது. அடுத்தடுத்த படிகள்தான் உணவுச் சங்கிலியின் வேலை. ஒரு மீன் தன் எடையைப் போலப் பல மடங்கு இரையைத் தின்கிறது. இரையின் சத்தில் பெரும்பகுதி மூச்சாகவும் அசைவாகவும் எரிந்துவிடும். எரியாததும், கழிவில் வெளியேறாததும் உடம்பிலேயே நிற்கும். நிற்கும் நஞ்சை அடுத்த மீன் மொத்தமாக வாங்கிக்கொள்ளும்.

ஆகவே ஒரு பொருள் சங்கிலியில் ஏற வேண்டுமானால் எளிதில் சிதையக் கூடாது, உடலுக்குள் சுலபமாகப் புக வேண்டும், சுலபமாக வெளியேறக் கூடாது. மூன்றும் சேர வேண்டும். நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை (2001-ல் ஏற்கப்பட்டது, 2004-ல் நடைமுறைக்கு வந்தது) இந்தத் தன்மைகளைத்தான் எண்களாக வைத்து அளக்கிறது: நீரில் இரண்டு மாதத்துக்கு மேலோ, மண்ணில் ஆறு மாதத்துக்கு மேலோ அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்), நீரைவிட உயிரில் 5000 மடங்குக்கு மேல் சேர்க்கை.

உணவு வழியே கொல்வதெல்லாம் ஏறிச் சேருவது என்று நினைத்துவிடக் கூடாது. பாறு கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக் மருந்து உடலில் சேர்ந்து சேர்ந்து கொன்றதல்ல. மருந்து ஏற்றப்பட்ட மாட்டின் சடலத்தை ஒரு வேளை தின்றதே சிறுநீரகத்தை முடித்துவிட்டது. ஈயமும் காட்மியமும்கூடப் பெரும்பாலான நீர்நிலைச் சங்கிலிகளில் மேலே போகப் போகப் பெருகுவதில்லை. காட்மியம் கணவாயின் ஈரலிலும் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் ஈரல் போன்ற பகுதியிலும் சேரும். அந்த உறுப்பை எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். உலோகங்களில் சதையில் ஏறி, படிக்குப் படி பெருகுவதில் முதன்மையானது பாதரசம், அதிலும் மீத்தைல் பாதரசம்.

நிலக்கரிப் புகையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் வரும் பாதரசம் முதலில் அந்த வடிவில் இருப்பதில்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள்தான் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. சேறு கலங்காத ஏரியும், புதிதாகத் தண்ணீர் கட்டிய அணையும் இதற்கு வாகான இடங்கள். புது அணையில் மூழ்கிய செடிகொடிகள் அழுகும்போது இந்த மாற்றம் வேகமெடுக்கும். அங்கே இரைகொல்லி மீன்களின் பாதரசம் பல ஆண்டுகளுக்கு உயர்ந்தே இருக்கும்.

கொடைக்கானல் நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அங்கே வெப்பமானி ஆலை 1983 முதல் 2001 வரை ஓடியது. ஆலை மூடிய பின் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், ஏரி நீரில் மீத்தைல் வடிவப் பாதரசம் லிட்டருக்கு 50 நானோகிராம். ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். சாக்கடை எதுவும் கலக்காமலே, காற்றில் பறந்த ஆவியே ஒரு ஏரி மீனைத் தொட முடியும் என்பதற்கு இது சாட்சி.

சந்தையில் பார்க்க வேண்டியவை

மீனின் பெயரைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள்: இது எதைத் தின்று வளர்ந்தது? எத்தனை வயது?

மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்றவை மிதவை உயிர்களைத் தின்று, ஓரிரு ஆண்டிலேயே வலைக்கு வந்துவிடுபவை. மடவை அடிப்பாசி மேய்வது. வளர்ப்புக் குளத்துக் கட்லா, ரோகு, திலேப்பியா எல்லாம் கீழ்ப்படியில் தின்று வேகமாகக் கொழுப்பவை. உடல் வேகமாகப் பெருக்கும்போது உள்ளே வந்த பாதரசமும் நீர்த்துப்போகிறது. இறாலும் அப்படித்தான். கானாங்கெளுத்தி இவற்றுக்குச் சற்று மேலே, ஆனாலும் பயமில்லாத மீன்.

மறுமுனையில் சுறா, வாள்மீன், மயில்மீன், பெரிய சூரை வகைகள், பெரிய வஞ்சிரம், பெரிய சீலா, பெரிய களவா. நன்னீரில் விராலும் வாளையும் இரைகொல்லிகள். மாசுபட்ட ஏரியில் பிடித்தவை என்றால் அங்குள்ள மற்ற மீன்களுக்கு முன் இவற்றைத்தான் ஒதுக்க வேண்டும்.

'பெரிய' என்ற சொல் வெறும் அடைமொழி அல்ல. ஒரே இன மீனுக்குள் நீளமும் வயதும் கூடக்கூடப் பாதரசம் ஏறுகிறது. ஒரு கிலோ வஞ்சிரமும் பத்துக் கிலோ வஞ்சிரமும் ஒரே மீன் என்று விலைப்பலகை சொல்லும். உடம்பில் சேர்ந்த பாதரசக் கணக்கில் இரண்டும் வேறு வேறு. முழு மீன் கண்முன் இருந்தால் அளவு தெரிந்துவிடும். துண்டு போட்டு வைத்திருந்தால், துண்டின் நடுவே தெரியும் முதுகெலும்பின் வட்டத்தைப் பாருங்கள். சுண்டுவிரல் பருமன் என்றால் சின்ன மீன். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிட அகன்ற வட்டம், அதைச் சுற்றி உள்ளங்கையைத் தாண்டும் சதை என்றால் அது பல ஆண்டு வேட்டையாடிய மீனின் துண்டு. விற்பவரிடம் "முழு மீன் எத்தனை கிலோ?" என்று கேட்பதும் தப்பில்லை, பெரும்பாலும் பெருமையாகவே சொல்வார்கள்.

முள் இல்லாத வெள்ளைச் சதை என்று குழந்தைக்காக வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. முள் இல்லாமல் நடுவில் குருத்தெலும்பு மட்டும் இருந்தால், தோலை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவும்போது உப்புத்தாள்போல் சொரசொரத்தால், சற்று நேரம் வைத்ததும் அமோனியா நெடி வந்தால், அது சுறா. சுறாவின் சதையில் யூரியா அதிகம், அதுதான் நெடிக்குக் காரணம்.

வாரக் கணக்கு

பிபிஎம் என்பது கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதேதான். எனவே கணக்கு ஒரே பெருக்கல்: சாப்பிட்ட கிராம் × பிபிஎம் = உள்ளே போன மைக்ரோகிராம்.

மேல்வரம்புக்கு உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2003-ல் வைத்தது, உடல் எடை கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் அதை 1.3 ஆகக் குறைத்தது. கருவுற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் 1.3-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ எடைப் பெண்ணுக்கு வாரத்துக்கு 65 மைக்ரோகிராம். 12 கிலோ குழந்தைக்கு 15.6.

மீனின் அளவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990 முதல் 2012 வரை திரட்டிய சராசரிகள் உதவும். எல்லாம் பிபிஎம்மில்:

இறால் 0.009
மத்தி வகை 0.013
திலேப்பியா 0.013
நெத்திலி வகை 0.016
கணவாய் 0.024
மடவை வகை 0.05
நண்டு 0.065
வரிச்சூரை 0.144
ஸ்னாப்பர் வகை 0.166
மஞ்சள்துடுப்புச் சூரை 0.354
களவா வகை 0.448
பெருங்கண் சூரை 0.689
கிங் மேக்கரல் 0.73
சுறா 0.979
வாள்மீன் 0.995

கிங் மேக்கரல் அட்லாண்டிக் கடலின் மீன். நம் வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் வஞ்சிரமே அல்ல. அந்த எண்ணைப் பெரிய வஞ்சிரத்துக்கு எச்சரிக்கை அளவாக வைத்துக்கொள்ளலாம், சின்ன வஞ்சிரத்துக்குப் பொருத்த வேண்டாம்.

இப்போது அந்த 50 கிலோ பெண் ஒரு வேளைக்கு 150 கிராம் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். நெத்திலி என்றால் 2.4 மைக்ரோகிராம், தினமும் சாப்பிட்டாலும் வாரத்துக்கு 17-ஐத் தொடாது. வரிச்சூரை 21.6, வாரத்துக்கு இரண்டு முறை தாராளமாக. மஞ்சள்துடுப்புச் சூரை 53. ஒருமுறை சாப்பிட்டால் அந்த வாரத்துக்கு மற்றதெல்லாம் சின்ன மீன். சுறா 147, ஒரே வேளையில் இரண்டு வாரத்துக்கு மேலான பங்கு தீர்ந்துவிட்டது. 12 கிலோ குழந்தைக்கு 50 கிராம் மஞ்சள்துடுப்புச் சூரை கொடுத்தால் 17.7, வரம்பைத் தாண்டிவிடும். அதே 50 கிராம் நெத்திலி 0.8.

கணக்கில் வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு. முதலாவது, வறுத்த துண்டை எடைபோடுவது. வறுக்கும்போது நீர் போய் எடை குறையும், பாதரசம் அப்படியே இருக்கும். பட்டியல் எண்கள் பச்சை மீனுக்கானவை, எனவே பச்சை எடையையே எடுங்கள். இரண்டாவது, ஒருநாள் தாண்டியதற்காகப் பதறுவது. மீத்தைல் பாதரசம் மனித உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். உடல் ஒரு வேளையைப் பார்ப்பதில்லை, பல வாரச் சராசரியைத்தான் காட்டும். கல்யாண வீட்டில் ஒரு துண்டு வஞ்சிரம் சாப்பிட்டால் அடுத்த இரண்டு வாரம் மத்தி, இறால் என்று போனால் சரியாகிவிடும். ஆனால் அதே 50 நாள் கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும்: கருத்தரித்தது தெரிந்த பிறகு பெரிய மீனை நிறுத்துவது தாமதம். நான்கு அரை ஆயுள், அதாவது 200 நாள் கழிந்தால்தான் பழைய சுமை பதினாறில் ஒரு பங்காகும். திட்டமிடுபவர்கள் ஆறேழு மாதம் முன்பே பெரிய மீனை விட்டுவிட வேண்டும்.

மீனையே விட்டுவிடச் சொல்லவில்லை. கருவின் மூளை வளர்ச்சிக்கு மீனின் ஒமேகா-3 கொழுப்பு வேண்டும். அது மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறையவே இருக்கிறது, விலையும் குறைவு. பாதரசத்துக்குப் பயந்து மீனே சாப்பிடாமல் இருப்பது ஒரு நஷ்டத்துக்குப் பதில் இன்னொரு நஷ்டம்.

கருவாடு

கருவாட்டில் எல்லாரும் உப்பைப் பற்றியே பேசுகிறோம். நீர் வற்றும்போது பாதரசமும் கிராமுக்குக் கிராம் செறிகிறது. உப்பு ஏறிய கருவாட்டுக்குப் பச்சை மீனின் எண்ணை இரண்டரை மடங்காக்கிக் கணக்கிடலாம்; நன்றாக வற்றிக் கட்டையானதற்கு நான்கைந்து மடங்கு. நெத்திலிக் கருவாடு 0.016 × 2.5 = 0.04, ஒன்றுமில்லை. சுறாக் கருவாடு 0.979 × 2.5 = 2.4-க்கு மேல், 25 கிராம் துண்டு ஒன்றிலேயே 61 மைக்ரோகிராம். யாழ்ப்பாணச் சமையலில் போடும் மாசி சூரையில் செய்தது. வரிச்சூரை மாசியை 10 கிராம் இடித்துச் சம்பலில் போட்டால், ஐந்து மடங்கு என்று வைத்தாலும் 7 மைக்ரோகிராம்தான், அதுவும் முழுக் குடும்பத்துக்கும் பிரிந்துபோகும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா

பால் ஊறும் என்று பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் கடற்கரை ஊர்களைத் தாண்டியும் இருக்கிறது. அன்போடு செய்வது, அதனாலேயே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் ஊறுவதற்குக் குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதும், தாய்க்குப் போதிய உணவும் நீரும் ஓய்வும் வேண்டும். புட்டு தருவது நல்ல புரதம். அந்தப் புரதத்தை வேறு மீனும் தரும். சின்னப் பால்சுறாவில் பெரிய சுறாவைவிடப் பாதரசம் குறைவுதான். ஆனால் தினமும், வாரக்கணக்கில் கொடுப்பது வழக்கம் என்பதால் அந்தக் குறைவும் கூடிப்போகும்.

புட்டின் பக்குவம் வேண்டுமென்றால் கிழங்கானிலோ மடவையிலோ செய்யலாம். அரைக் கிலோ மீனை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு ஏழெட்டு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, ஈரத்தைப் பிழிந்துவிட்டு, நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுத் தாளித்துக் கிளறவும். சுறாபோல் முள்ளில்லாமல் வராது. உதிர்க்கும்போது விரலால் தடவித் தடவி முள்ளைப் பொறுக்க வேண்டும், அந்தப் பத்து நிமிட வேலை கூடுதல். காரப்பொடிக் குழம்பும் இதே காரணத்துக்காகப் பல வீடுகளில் கொடுப்பதுதான். அதையே முன்னுக்குக் கொண்டுவரலாம்.

கர்ப்பகாலத்தில் இது இன்னும் முக்கியம். மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது, தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். தாய்ப்பாலில் அந்த அளவுக்குச் சேர்வதில்லை. எனவே பாதரசப் பயத்தில் தாய்ப்பாலை நிறுத்துவது தவறான முடிவு.

கொழுப்பில் தங்குபவை

டிடிடி, பிசிபி, டயாக்சின் இவற்றுக்குக் கத்தி உதவும். தோலை உரித்து, வயிற்று மடிப்பின் கொழுப்பையும், முதுகின் மேல் விளிம்புக் கொழுப்பையும், பக்கவாட்டில் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் கருஞ்சதைப் பட்டையையும் வெட்டி எடுத்தால் சுமையில் கணிசமான பங்கு போகும். ஈரல், குடல், சினை எல்லாம் ஒதுக்க வேண்டியவை. பிறகு கொழுப்பு சொட்டி விழும்படி சுட்டு, சொட்டியதைக் கொட்டிவிடவும். குழம்பில் கொழுப்பு குழம்பிலேயே மிதக்கும், ஆகவே சந்தேகமான மீனுக்குக் குழம்பு நல்ல வழியல்ல.

இதைக் கடல் மத்திக்குச் செய்யாதீர்கள். அங்கே போவது பெரும்பாலும் ஒமேகா-3. இந்த வேலை மாநகரக் கழிவுநீர் சேரும் ஏரி, கழிமுகம், மின்கழிவு எரிக்கும் இடத்தின் அருகே உள்ள நீர்நிலை போன்றவற்றில் பிடித்த பெரிய மீனுக்கு. அப்படிப்பட்ட மீனை வாங்காமலிருப்பது அதைவிட நல்லது.

கொழுப்பில் தங்குவன கரையிலும் ஏறும், மீன் தொடாதவர்களுக்கும் இது பொருந்தும். சென்னைப் பெருங்குடிக் குப்பைக்கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டயாக்சின் வகைகள் மற்ற இடத்தவரைவிடக் கூடுதலாக இருந்ததை, 1999–2000-ல் எடுத்த மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டியது. அங்கே சந்தேகிக்கப்பட்ட வழி பசும்பால். குப்பை எரிகிறது, சாம்பல் புல்லிலும் கழிவிலும் படிகிறது, மாடு மேய்கிறது, பால் வீட்டுக்கு வருகிறது. குளோரின் கலந்த சில பொருள்கள், எடுத்துக்காட்டாகப் பழைய பூச்சிமருந்தான பிஎச்சியின் பீட்டா வடிவம், மீனில் அவ்வளவாகப் பெருகாமல் மாட்டிலும் மனிதரிலும் பெருகுவதுண்டு. மீன் செவுள் வழியே நீரில் அதை விட்டுவிடும்; காற்றை மூச்சாக இழுப்பவற்றுக்கு அந்த வழி இல்லை.

குப்பை எரியும் இடத்தின் அருகே இருப்பவர்கள் செய்யக்கூடியது: கிடங்கில் மேயும் மாட்டின் பாலை வாங்காமல், வேறு இடத்துத் தீவனம் தின்னும் மாட்டின் பாலுக்கு மாறுவது. முற்றத்தில் மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டையும் இதே வகைதான். கோழி மண்ணோடு சேர்த்தே கொத்துகிறது, மண்ணிலிருப்பது மஞ்சள்கருவுக்கு வரும். பாலைக் கடைந்தால் மோரில் குறையும், வெண்ணெயிலும் நெய்யிலும் கூடும். பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கைந்து, நெய்யில் ஏறத்தாழ முழுவதும் கொழுப்பு. சந்தேகப்படும் பாலை நெய்யாக்கிச் சேமிப்பது நஞ்சையும் சேமிப்பது.

கொத்தமல்லிச் சாறு, நச்சுநீக்கப் பொடி எதுவும் கொழுப்பிலிருந்து இவற்றை இழுத்து எடுக்காது. பட்டினி கிடந்து வேகமாக மெலிவது இன்னும் மோசம்: கரையும் கொழுப்பிலிருந்து நஞ்சு இரத்தத்துக்கு வருகிறது. பாலூட்டும்போது கடும் உணவுக்கட்டுப்பாடு வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

ஊர் ஏரி மீனைச் சோதிக்க விரும்பும் குழுக்களும் மாணவர்களும் முதலில் மீனின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் எழுதாத பாதரச முடிவை இன்னொரு ஏரியோடு ஒப்பிட முடியாது. சின்ன விராலையும் பெரிய விராலையும் ஒப்பிட்டு ஏரிமேல் பழி போடுவதுதான் நடக்கும். ஒவ்வொரு இனத்திலும் ஒரே அளவில் ஐந்து மீனாவது வேண்டும். கீழ்ப்படியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று குறைந்தது மூன்று இனம்.

பிடித்ததும் பனிக்கட்டியில் வையுங்கள். பாதரசத்துக்கு முதுகுத்துடுப்பின் பின்னால் தோலில்லாத சதை, சுத்தமான பாலித்தீன் பையில். கொழுப்பு நஞ்சுகளுக்குப் பிளாஸ்டிக் கூடாது; கரைப்பானில் கழுவிய அலுமினியத் தாளில் சுற்றி, அதற்குமேல் பை. இரண்டையும் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, உருகாமல் ஆய்வகம் சேர வேண்டும். பாதரசத்துக்குக் குளிர்ஆவி அணு உட்கவர்தல் முறையோ நேரடிப் பாதரசப் பகுப்பாய்வியோ போதும். உச்சி இரைகொல்லியின் சதையில் உள்ள பாதரசம் பெரும்பாலும் மீத்தைல் வடிவமே என்பதால் மொத்தப் பாதரசத்தை அளந்தாலே செலவு மிச்சம். கொழுப்பு நஞ்சுகளுக்கு வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும், அதோடு கொழுப்பு விழுக்காட்டையும் அளக்கச் சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். மில்லிகிராமா மைக்ரோகிராமா? ஓர் எழுத்து மாறினால் ஆயிரம் மடங்கு பிசகும். கொடைக்கானல் மீனின் 290 மைக்ரோகிராமை 290 மில்லிகிராம் என்று எழுதினால், ஆலைப் பாதரசத்தால் மக்கள் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டா விரிகுடா மீனையே பல மடங்கு தாண்டிய நடக்காத எண் வரும். அடுத்து, ஈர எடையா உலர் எடையா? மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் நீர், ஆகவே உலர் எடை எண் நான்கைந்து மடங்கு பெரிதாக வரும். உணவு வரம்புகள் எல்லாம் ஈர எடைக்கானவை. 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்று கேளுங்கள். 0.5 பிபிஎம்முக்குக் கீழே பார்க்க முடியாத ஆய்வகத்தில் எல்லா மீனும் சுத்தமாகத்தான் தெரியும். சான்றளிக்கப்பட்ட மீன்சதை மாதிரி ஒன்றை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டினார்களா, அதில் உண்மை மதிப்பு எத்தனை விழுக்காடு கிடைத்தது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படிக்குப் படி பெருக்கத்தைக் கணக்கிட, வேட்டையாடும் மீனின் செறிவை இரை மீனின் செறிவால் வகுத்தால் எளிய விடை கிடைக்கும். டிடிடி போன்றவற்றை முதலில் கொழுப்பு கிராமுக்கு மாற்றிக்கொண்டு வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுத்த மீன் எல்லாம் மாசுபட்டதாகத் தெரியும். பாதரசத்துக்கு அப்படி மாற்றக் கூடாது, அது கொழுப்பில் இல்லை. முழுச் சங்கிலிக்கும் செய்வதானால் மேல்படிக்குப் போகப் போகக் கூடும் நைட்ரஜன்-15 ஐசோடோப்பை அளந்து, ஒரு படிக்கு ஆயிரத்துக்கு 3.4 என்ற உயர்வைக் கொண்டு ஒவ்வொரு மீனும் எந்தப் படியில் என்று கணிப்பார்கள். செறிவின் மடக்கையை நைட்ரஜன்-15 மதிப்புக்கு எதிராக வரைந்து சாய்வு 0.2 வந்தால், 3.4-ஆல் பெருக்க 0.68, பத்தின் அந்த அடுக்கு ஏறத்தாழ 4.8. ஒவ்வொரு படியிலும் ஐந்து மடங்கு அளவுக்கு ஏறுகிறது என்று பொருள். வெவ்வேறு பருவத்தில் பிடித்த மீன்களை ஒரே கோட்டில் போட்டால் சாய்வு பொய் சொல்லும்.

மனிதரைச் சோதிக்க முடியிலேயே முடியும். பின்தலையில் உச்சந்தோலை ஒட்டி, எஃகுக் கத்தரியால் ஒரு சிறு கற்றையை வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று நூல் கட்டி அடையாளம் வைக்கவும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், எனவே வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் கடந்த மூன்று மாத உணவைச் சொல்லும். முடியின் அளவு இரத்தத்தைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு. கிராமுக்கு 1 மைக்ரோகிராம் வரை வந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் மேலே சொன்ன கணக்கை வீட்டில் போட்டு எந்த மீன் காரணம் என்று பாருங்கள். 10-ஐத் தாண்டினால், முக்கியமாகக் கர்ப்பிணி என்றால், மருத்துவரிடம் இரத்தச் சோதனையோடு போங்கள். முகம் வெளுக்கும் கிரீம் பூசுபவர்களிடம் முடிச் சோதனை ஏமாற்றும்: சில கிரீம்களில் பாதரச உப்பு இருக்கிறது, கையிலிருந்து முடியில் ஒட்டி எண்ணை ஏற்றிவிடும். அவர்களுக்கு இரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். மீனின் பாதரசம் இரத்தத்தில் தெரியும், கிரீமின் பாதரசம் சிறுநீரில் தெரியும்.